விஸ்காம் படிக்கக் கடன் வாங்கலாமா? கொங்குச் சம்பளத்தில் போட்ட கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பல்லடம் பக்கத்துச் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் எனக்குக் கூப்பிடுவார்கள். பையனோ பொண்ணோ விஸ்காம்தான், அதாவது ஃபோட்டோ, வீடியோ, விளம்பரம் எல்லாம் சொல்லித்தரும் விஷுவல் கம்யூனிகேஷன்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும், பேங்கில் கடன் வாங்கித்தான் சேர்க்கவேண்டிய நிலைமை இருக்கும், "நீ அதைத்தானே கண்ணு படிச்சே, சேர்த்துடலாமா?" என்பார்கள். எந்தக் கல்லூரி நல்லது, பொண்ணுங்களுக்கு அந்த வேலை சரிப்படுமா, டிவியில் எடுத்துக்கொள்வார்களா என்று எல்லாம் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. படிப்பு முடிந்தபிறகு மாசாமாசம் எவ்வளவு கட்டணும், அதைக் கட்டுகிற அளவுக்கு முதல் சம்பளம் வருமா? எனக்கு மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது நல்ல படிப்பு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன், திரும்பப் பதினேழு வயசு வந்தாலும் இதையேதான் எடுப்பேன். ஆனால் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதைக் கல்லூரியின் ஃபீஸ் நோட்டீஸ் முடிவு செய்யக் கூடாது. நம்ம ஊரில் இந்தப் படிப்புக்குக் கிடைக்கிற முதல் சம்பளம்தான் முடிவு செய்யணும். அந்தச் சம்பளம் தாங்காத கடனாக இருந்தால் கல்லூரியை மாற்றுங்கள், ஹாஸ்டலை விடுங்கள், வேறு டிகிரி வழியாகச் சுற்றி வாருங்கள். படிப்பின் மேலுள்ள ஆசையை விடவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கூலித் தறி. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஓட்டுவார்கள், கூடவே இரண்டு மாடு. 2016-இல் நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தேன். கல்லூரிகளில் பழைய பாடப்பிரிவுகள் அரசு உதவி பெறுபவையாக இருந்தாலும் விஸ்காம் பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில்தான் இருக்கும். ஒரே வளாகம், ஒரே கேன்டீன், ஆனால் ஃபீஸ் பல மடங்கு வித்தியாசம். கல்லூரியின் பெயரைக் கேட்டு "அங்கே ஃபீஸ் கம்மிதானே" என்று நினைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்கணும். எனக்கு ஃபீஸ், லேப்டாப், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 3 லட்சம் கடன். வட்டி 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

பேங்கில் கையெழுத்துப் போடும்போது மேனேஜர், இது படிப்புக் கடன், படிக்கும்போது எதுவும் கட்டவேண்டியதில்லை, முடித்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். அப்பா கேட்டுவிட்டு, "கடன்னா கடன்தானுங்க, அதுல படிப்புக் கடனென்ன, தறிக் கடனென்ன" என்றார். தறி போடக் கடன் வாங்கி வட்டி கட்டியவருக்கு, கட்டாமல் இருக்கும் மாசத்திலும் வட்டி ஓடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முதல் வருடம் வாங்கிய 1 லட்சத்துக்கு, மூன்று வருடப் படிப்பு, அதற்கப்புறம் ஒரு வருட அவகாசம் என்று மொத்தம் நான்கு வருட வட்டி, தனிவட்டியாகவே 44,000. இரண்டாவது லட்சத்துக்கு மூன்று வருடம், 33,000. மூன்றாவதுக்கு இரண்டு வருடம், 22,000. ஆக, ஒரு பைசா கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும் நாளில் 3 லட்சம் 3,99,000 ஆகியிருக்கும். அதை ஐந்து வருடத்தில் அடைக்க மாசம் ஏறக்குறைய 8,700 ரூபாய். கூட்டினால் 5 லட்சத்து 20 ஆயிரம். ஏழு வருடமாக்கினால் தவணை 6,800 பக்கம் இறங்கும், மொத்தம் 5 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும். பத்து வருடம் என்றால் தவணை 5,500, மொத்தம் 6 லட்சத்து 60 ஆயிரம். பேங்கில் "தவணையைக் குறைச்சுத் தர்றோம்" என்று சொன்னால் வருடத்தை நீட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம், வட்டியில் ஒன்றும் குறைவதில்லை.

மனசில் வைத்துக்கொள்ள எளிதான ஒரு கணக்கு இருக்கிறது. தவணை தொடங்கும்போது பாக்கி நிற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும், 11 சதவீத வட்டியில், ஐந்து வருடத்துக்கு மாசம் சுமார் 2,175 ரூபாய். என் கைக்கு வந்த முதல் சம்பளம் 12,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்குப் போனால் பஸ், சாப்பாடு, ஃபோன், ஒரு நல்லது கெட்டதுக்கு மொய் என்று எதற்கும் மிஞ்சாது. மூன்றில் ஒரு பங்கு 4,000. அதற்குத் தாங்கக்கூடிய பாக்கி ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம்தான். என் கடன் அதைவிடப் பெரியது. அதைத் தாங்கவைத்தவை இரண்டு: மாடும், பல்லடம் பஸ்ஸும்.

மாடு என்றால் சொசைட்டிக்கு ஊற்றும் பால். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடு என்று கூட்டுறவு பேங்கில் வேலை பார்த்த மாமா சொன்னார். முதல் வருடம் மாசம் 900 சொச்சம், இரண்டாம் வருடம் 1,800, மூன்றாம் வருடமும் அதற்கப்புறம் அவகாச வருடமும் 2,750. பால் பில் வந்ததும் அம்மா தவிட்டுக்காரருக்கு எடுத்து வைப்பதுபோல வட்டிக்கும் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அதனால் தவணை ஆரம்பித்தபோது பாக்கி 3 லட்சமாகவே நின்றது, மாசம் 8,700-க்குப் பதில் 6,500 கட்டினேன். தவணைக்கு முன்னாடியே கட்டிய வட்டி 99,000-ஐச் சேர்த்தாலும் மொத்தத்தில் 30,000 ரூபாய் மிச்சம். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மாசத் தவணை 2,000-க்கு மேல் குறைந்ததுதான், ஏனென்றால் சம்பளம் மிகக் குறைவாக இருந்த வருடங்களில் அது கையில் நின்றது. படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குச் சில பேங்குகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்கள்.

பஸ் என்றால் ஹாஸ்டலில் சேராமல் தினமும் பல்லடத்திலிருந்து சூலூர், சிங்காநல்லூர் வழியாகப் போய் வந்தது. நின்றுகொண்டே போவது சலிப்புத்தான். ஆனால் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்கியதால் படிக்கும்போது ஹாஸ்டல் செலவு இல்லை, வேலைக்குப் போனபின் பிஜி வாடகையும் இல்லை. இதே சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியூரில் ரூம் எடுத்திருந்தால் இந்தத் தவணையை நான் கட்டியிருக்க முடியாது. வீட்டிலிருந்து போய்வர முடியாதவர்கள், அந்த வாடகையும் கடனோடு சேர்ந்ததுதான் என்று வைத்துக் கணக்குப் போடணும்.

கடன் சம்பந்தமாகச் சொல்லவேண்டியவை இன்னும் கொஞ்சம் உண்டு. 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு நிலமோ வீடோ அடமானம் கேட்கக் கூடாது, கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவும் போடலாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் என்று பலர் சொல்வார்கள். அந்தத் திட்டம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது, பி.எஸ்சி. என்று போட்டிருந்தால் தட்டிப்போக வாய்ப்பு அதிகம். அதை நம்பித் தொகையை ஏற்றாதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழும் அப்படித்தான், அந்த ஃபீஸ் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேரும் தொழிற்படிப்புக்கு. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பிள்ளைகளுக்கு ஒரு நல்ல உதவி உண்டு: பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாசம் 1,000 ரூபாய். இது விஸ்காமுக்கும் உண்டு. 1 லட்சம் கடனுக்கு மாச வட்டி 900 சொச்சம்தானே, அப்படியே அதற்குத் திருப்பிவிடலாம். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் சலுகையைப் பற்றி யாராவது பெரிதாகச் சொன்னால், பழைய வரிமுறையில் மட்டும்தான் அது உண்டு, ஆரம்பச் சம்பளத்துக்கு வரியே வராது, அதனால் நமக்கு உதவாது.

ஃபீஸ் நோட்டீஸில் இல்லாத செலவும் இந்தப் படிப்பில் நிறைய. இண்டஸ்ட்ரியல் விசிட், போர்ட்ஃபோலியோ பிரின்ட், கேமரா, லென்ஸ், கடைசி செமஸ்டர் குறும்படம். எங்கள் வகுப்பில் ஒரு குழு, ஒரு பொண்ணின் சங்கிலியை அடகு வைத்துக் குறும்படம் எடுத்தது. படம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் நகையை மீட்க அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இதற்கு மார்க் போடுவது படத்தின் செலவைப் பார்த்து அல்ல. வீட்டுத் திண்ணையில், ஒரு ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு பேரை வைத்து எடுத்த படத்துக்கும் அதே மார்க் கிடைத்தது. கேமராவைக் கடனில் சேர்த்து வாங்காதீர்கள். கோயம்புத்தூரில் கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஏழு வருடம் தவணை கட்டும் கேமரா நான்காவது வருடமே பழையதாகிவிடும்.

இனி வரவு. கல்லூரி வாசலில் பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்று பேனர் இருந்தால், என்ன வேலைக்கு என்று கேளுங்கள். பிபிஓவில் ஃபோன் எடுக்கும் வேலையும் அந்தக் கணக்கில் வரும். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கு விஸ்காம் ஃபீஸ் கட்டவேண்டியதில்லை என்கிறேன். கல்லூரி சொல்வதைவிட, இரண்டு வருடம் முன்னாடி முடித்த சீனியர்கள் நாலு பேரிடம் "அக்கா, இப்போ கைக்கு எவ்வளவு வருது?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் கூச்சப்படக் கூடாது.

நான் முதலில் சேர்ந்தது கோயம்புத்தூரில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சி. ஆஸ்பத்திரிக்குப் போஸ்டர், நகைக்கடைக்கு அட்சய திருதியை விளம்பரம், மோட்டார் பம்ப் கம்பெனிக்கு கேட்லாக், கொடிசியா கண்காட்சிக்கு ஸ்டால் டிசைன் என்று எல்லாம் வரும். வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. சம்பளம் மட்டும் நகராது. கூடப் படித்தவர்களில் பசங்க பாதிப்பேர் கல்யாண ஃபோட்டோ, வீடியோ பக்கம் போனார்கள். முகூர்த்த நாளில் அவர்கள் எடுத்த காசு என் ஒரு மாசச் சம்பளத்துக்குச் சமமாக இருக்கும், எனக்கே ஆசையாக இருக்கும். ஆனால் ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பேங்க் தவணை அந்த மூன்று மாசமும் அதே தேதிக்கு வரும். அந்தப் பக்கம் போகிறவர்கள் வைகாசியில் வரும் காசில் ஆடித் தவணையைத் தனி அக்கவுன்ட்டில் போட்டு வைத்துவிட வேண்டும். நன்றாகக் கட்டி முடித்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். இன்னொன்று, கம்பெனிகளுக்கு வேலை செய்து பில் கொடுத்தால் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தக் காசு திரும்ப வரும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுகிறார்கள், வருடக் கடைசியில் அது ஒரு தவணைக்கு மேலேயே இருக்கும்.

என் சம்பளத்தை நகர்த்தியது திருப்பூர். 2020-இல் கொரோனா வந்தபோது எனக்குத் தவணை தொடங்கவேண்டிய நேரம். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் அவகாசம் கொடுத்தது, வட்டி மட்டும் நிற்கவில்லை. கல்யாணம் இல்லை, கண்காட்சி இல்லை, ஏஜென்சியில் பாதிச் சம்பளம். அதே சமயத்தில் திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் தடைப்பட்ட பனியன் கம்பெனிகள் பல ஆன்லைனில் நேரடியாக விற்க ஆரம்பித்தன. ஆன்லைன் என்றால் ஃபோட்டோ வேண்டும். பல்லடத்திலிருந்து கோயம்புத்தூரைவிடத் திருப்பூர் பக்கம், போய்க் கேட்டேன், 18,000-க்கு எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் இந்தப் படிப்பின் மதிப்பு எனக்கு முழுசாகத் தெரிந்தது. சாம்பிள் ரூமில் ஒரு மூலை, வெள்ளைத் திரை, ஒரு பொம்மை, இரண்டு லைட். நேவி புளூ டீ-ஷர்ட் ஃபோட்டோவில் கறுப்பாக வந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார், போகவர கூரியர் செலவு எங்கள் கம்பெனி தலையில். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், கலருக்கு அளவுகோலாகச் சாயம் போட்டு வைத்த லேப் டிப் துணியைக் கொண்டுவந்து ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒரு இம்மி மாறினாலும் திரும்ப எடுக்கணும். முதல் வாரம் நான் கலரை கம்ப்யூட்டரிலேயே சரி செய்யப் போராடிக்கொண்டிருந்தபோது அயர்னிங் மாஸ்டர் வந்து, "அம்மிணி, துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாரு. ட்யூப்லைட்டுல எந்த நீலமும் ஒரே நீலம்தான்" என்றார். இரண்டாம் வருடம் கல்லூரி லேப்பில் கிரே கார்டு என்ற சாம்பல் அட்டையை வைத்து, வெளிச்சத்துக்கு ஏற்றபடி கலரைச் சரியாக்கும் ஒயிட் பேலன்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு கலருக்கும் முதல் ஷாட்டில் கிரே கார்டு வைத்தே எடுத்தேன், கலர் சரியில்லை என்று வந்த ரிட்டர்ன் நன்றாகக் குறைந்தது, அடுத்த இன்கிரிமென்ட் கேட்காமலே வந்தது. இப்போது போஸ்டர் டிசைனை ஏஐ நிமிஷத்தில் போட்டுத் தருகிறது, அந்த வேலைக்கு விலை இறங்கிவிட்டது. கையிலிருக்கிற துணியின் கலரை உள்ளபடி காட்டும் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் பனியன், ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும், கோயம்புத்தூரில் பம்பும் கிரைண்டரும் ஆஸ்பத்திரியும் என்று நம்ம பக்கம் பொருள் செய்து விற்கிற ஊர்கள். அந்தப் பொருளைச் சரியாகக் காட்டவும் எழுதவும் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் உண்டு. படிக்கும்போதே லீவில் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமிலோ மார்க்கெட்டிங் செக்‌ஷனிலோ இன்டர்ன் போய்விட்டு வந்த பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் அந்த 18,000-ஐத் தொடுகிறார்கள்.

சினிமாதான் வேண்டும் என்கிற பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் வீட்டில் அவர்களைத்தான் திட்டுகிறார்கள். ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று இங்கிருந்தே படம் எடுத்தார்கள். இப்போது சென்னைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கித்தான் உதவி இயக்குநராகச் சேரணும், ஆரம்ப வருடங்களில் காசு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த ஆசை இருக்கிறவர்கள்தான் எல்லாரையும்விடக் குறைவாகக் கடன் வாங்க வேண்டும். என் வகுப்பில் நன்றாக எழுதக்கூடிய ஒருவன், தவணைக்குப் பயந்து சென்னைக்குப் போகாமலேயே நின்றுவிட்டான். அவனிடம் திறமை இருந்தது. அந்தக் கடன் மட்டும் இல்லையென்றால் போயிருப்பான், அதை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் நான்கு வருடப் பட்டப்படிப்பாகவே இருக்கின்றன. இடம் கிடைப்பது கடினம்தான், ஆனால் அரசுக் கல்லூரி. தனியாரில் பணம் கட்டுவதற்கு முன்னாடி அதற்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

குறைந்த செலவில் வேறு வழிகளும் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் ஒரே விண்ணப்பம், ஃபீஸ் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். விஸ்காம் இல்லாவிட்டாலும் தமிழோ ஆங்கிலமோ பி.காமோ படித்துக்கொண்டே எடிட்டிங்கும் ஃபோட்டோவும் தனியாகக் கற்றுக்கொள்ளலாம், அப்புறம் பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் எம்.ஏ. சேரலாம். எங்கள் ஆபீஸில் இப்போது கன்டென்ட் பார்க்கும் பொண்ணு பி.ஏ. தமிழ், கடனே இல்லை. விஸ்காம் படித்தவர்களைவிட அவள் எழுதும் வாசகம் நன்றாக இருக்கிறது, சம்பளமும் அவர்களுக்குச் சமம்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நாம் கட்டாவிட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அவர்களுக்கும் இறங்கும். தொடர்ந்து 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன், அப்புறம் அப்பா தறிக்கோ மாட்டுக்கோ கடன் கேட்டுப் போனால் அங்கே நம்ம பெயரைக் காட்டுவார்கள். வேலை போய்விட்டது, ஒரு மாசம் கட்ட முடியாது என்றால் தேதி வருவதற்கு முன்னாடியே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். தேதி தாண்டிப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கடைசித் தவணையை 2025-இல் கட்டினேன். கட்டியதோடு விட்டுவிடாமல் பேங்கில் பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மாசம் கழித்து, கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தரும் ரிப்போர்ட்டை எடுத்து, கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் மட்டும் பார்த்தால் போதாது, கூடக் கையெழுத்துப் போட்டவர் பெயரிலும் பார்க்கணும். என் ரிப்போர்ட்டில் முடிந்ததாக வந்துவிட்டது, அப்பாவுடையதில் இன்னும் நிலுவை என்றே இருந்தது. சான்றிதழ் கையில் இருந்ததால் ஒரு கடிதத்தோடு சரியாகிவிட்டது.